குளம்பில் தேடியது

ஆணியிடம் பேசிவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார் என்று. கல்யாணத்துக்கு அழைக்க வந்தாலும் சரி, சாவுச் செய்தி சொல்ல வந்தாலும் சரி, அவர் கண் முதலில் போவது பாதத்துக்குத்தான். செருப்பு எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, எந்தக் காலை ஊன்றும்போது இடுப்பு சாய்கிறது என்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், வந்திருப்பது யார் என்பதே அவருக்கு உறைக்கும். என்ன செய்வது, பொழுது விடிந்தால் குதிரைக் குளம்போடு மல்லுக்கட்டுகிறவர்.

குதிரைக்கு லாடம் அடிப்பது அவர் தொழில். வாயில் நாலைந்து ஆணிகளைக் கவ்விக்கொண்டே வேலை செய்வார். அதனால் வந்த பேர்தான் ஆணி. வாயில் ஆணி இல்லாத நேரத்திலும் அவர் பெரிதாகப் பேசிவிட்டதாகச் சரித்திரம் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க அவருக்கு ஒரு மனைவி வாய்த்திருந்தாள். ஊரில் அவளுக்குப் பேர் ரேடியோ. கண் விழித்ததும் ஆரம்பித்தால் படுக்கிறவரை அந்த வாய் ஓயாது. அவர் குனிந்து குளம்பைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். அவள் குதிரையின் தலைப்பக்கம் நின்று, ஒரு கையால் கடிவாளத்தையும் மறு கையால் அதன் காதையும் பிடித்துக்கொண்டு, அந்தக் காதுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். எப்பேர்ப்பட்ட முரட்டுக் குதிரையும் அவள் பிடித்தால் நிற்கும்.

"அப்படி என்னதான் சொல்ற அதுங்ககிட்ட?" என்று ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டுவிட்டார்.

"எல்லாம் உங்களைப் பத்தின புகார்தான். வேற யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?" என்றாள் அவள்.

வாய்க்கால் கரைப் பாதையில் லாரி இறங்கினால் புதைந்துவிடும் என்பதால் அந்த வட்டாரத்தில் எல்லாமே குதிரை வண்டிதான். சூளைச் செங்கல், தோட்டத்துக் காய், கறந்த பால் எல்லாம் அதில்தான் போகும். ஆகவே ஆணிக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. அதோடு அவர் எல்லாரிடமும் ஒரு வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். நான் லாடம் அடித்த குதிரை தடுக்கினால் என்னைக் கூப்பிடு, ஓசியில் கழற்றி மாட்டித் தருகிறேன் என்பதுதான் அது. பேசாத மனுஷர் பேசிய ஒரே பேச்சு என்பதால் ஊரே அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. குதிரை தடுக்கினால் மாட்டாஸ்பத்திரி என்று ஒன்று இருக்கிற நினைப்பே யாருக்கும் வராது. ஆணியண்ணனைக் கூப்பிடு என்பார்கள். அவரும் குறடும் சுத்தியலுமாகப் போய் நிற்பார்.

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது. ஆணியின் முனை குளம்பின் எந்த இடத்தில் இறங்குகிறது என்பது கொஞ்ச காலமாகவே அவருக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. விரல்தான் வேலை செய்துகொண்டிருந்தது, கண் இல்லை. சந்தைக்குப் போனபோது யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணாடி வாங்கி, துணியில் சுற்றி, ஆணி டப்பாவின் அடியில் போட்டு வைத்திருந்தார். போட்டுக்கொள்ளத்தான் தைரியம் வரவில்லை. லாடக்காரன் கண்ணாடி போட்டால் குதிரைக்காரன் என்ன நினைப்பான்? குளம்பின் ஓட்டில் இறங்க வேண்டிய ஆணி ஒரு நூல் உள்ளே தள்ளிச் சதையில் இறங்கிவிட்டால் குதிரை நொண்டும். அதற்கப்புறம் எவன் கூப்பிடுவான்? இதை நினைத்து நினைத்து வீட்டிலேயே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த வருஷம் வாய்க்காலின் மதகு உடைந்தது. உடைந்ததைச் சரிசெய்ய ஆள் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களே தவிர ஒருவரும் வந்தபாடில்லை. தண்ணீர் தரிசு நிலத்தில் பரவி, சூளைக்காக மண் எடுத்த குழிகளையெல்லாம் நிரப்பி நின்றது. கொக்கும் நாரையும் வந்து இறங்கின. அவற்றோடு கொசுவும் வந்தது. சாயங்காலம் ஆனால் போதும், வாயைத் திறந்து கொட்டாவி விட முடியாது. சூளையில் வேலை செய்கிறவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, தலைவலி வந்தது. வெயில் காய்ச்சல் என்று பேர் வைத்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பவும் மண் சுமந்தார்கள்.

முதலில் தடுக்கியது சூளைக்காரரின் செம்பட்டைக் குதிரை. ஆணி போய்ப் பார்த்தார். குறடால் குளம்பைச் சுற்றி அமுக்கினார். லாட ஆணி சதையைத் தொட்டிருந்தால் அந்த இடத்தில் குதிரை காலை வெடுக்கென்று இழுக்க வேண்டும். இது இழுக்கவில்லை. ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். சதைக்குள் போன ஆணி ஈரமாக இருக்கும், நாறும். இவை காய்ந்து சுத்தமாக இருந்தன. வேறொருவராக இருந்தால் கோளாறு காலில் இல்லை என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டியிருப்பார். இவர் அப்படி நினைக்கவில்லை. கோளாறு இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தார். புது லாடத்தை மாட்டிவிட்டு, "வெளிய சொல்ல வேணாம், முதலாளி" என்றார்.

"நீ வேற. தடுக்குற குதிரைன்னு தெரிஞ்சா எவன் எனக்கு லோடு குடுப்பான்? நான் உங்கிட்ட அதையே சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் சூளைக்காரர்.

தலைப்பக்கம் நின்றிருந்த ரேடியோ குதிரையின் வாயைத் தூக்கிக் காட்டினாள். "இங்க பாருங்க. கீழ் உதடு தானா துடிக்குது. கண்ணு சொக்கிச் சொக்கிப் போகுது. காதைப் பிடிச்சா வழக்கமா தலையைச் சாய்க்கும், இன்னிக்கு நான் யாருன்னே தெரியாத மாதிரி நிக்குது."

"கொசுக்கடிக்கு எல்லாக் குதிரையும்தான் துடிக்கும்" என்றார் ஆணி. அவர் பார்த்தது நாலு கால்களை மட்டும்தான்.

அந்தக் குதிரை மறுநாள் வட்டமடித்தது. அதற்கடுத்த நாள் படுத்தது, எழுந்திருக்கவில்லை. சூளைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக ஆளை வைத்து, மேட்டில் தண்ணீர் ஏறாத குழி ஒன்றில் அதைப் புதைத்துவிட்டு, தூரத்துச் சந்தையில் விற்றுவிட்டதாக எல்லாரிடமும் சொன்னார். சூளைக்கு வெளியே ஆணிக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

பிறகு பால்காரரின் வெள்ளைக் குதிரை பின்னங்காலை இழுத்தது. அதற்குப் பிறகு காய்கறிக்கார அம்மாளின் மட்டக்குதிரை. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. எல்லாரும் வாக்கை நினைவு வைத்திருந்து அவரைத்தான் கூப்பிட்டார்கள். எல்லாரிடமும் அவர் வெளியே சொல்ல வேண்டாம் என்றார். எல்லாரும் அதைத்தான் விரும்பினார்கள். ஒவ்வொருவருக்கும் தன் குதிரை ஒன்றுதான் தடுக்குகிறது என்ற நினைப்பு. மொத்தக் கணக்கும் தெரிந்த ஒரே ஆள் நம் ஆணி. அந்த ஒரே ஆளோ, எல்லாம் தன் கைப்பிழை என்று நம்பிக்கொண்டு ஓசியில் லாடம் மாற்றிக்கொண்டு திரிந்தார். இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று கேட்டால், உண்டு. தொழிலில் பெயர் எடுத்தவர்களுக்கு இந்த வியாதி சீக்கிரம் பிடிக்கும்.

ஒரு நாள் காலையில், அவர் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரேடியோ எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பால்காரர் குதிரை பொழைச்சுக்கிச்சு. மட்டக்குதிரை பொழைக்காது. ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான லாடம் மாத்துனீங்க?"

அவர் அரத்தைத் திருப்பி மறுபக்கம் துடைத்தார்.

"ஆணி குத்துனா ஒரு கால் நொண்டும். இதுங்க நாலு காலும் தள்ளாடுது, தலை கிறுகிறுத்து நிக்குது. உங்க கையில குத்தம் இல்லைங்க. மாட்டாஸ்பத்திரி டாக்டர் சின்னப் பையன்னாலும் நல்லவரு. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க."

"போய் என்னன்னு சொல்ல? நான் லாடம் அடிச்ச குதிரை எல்லாம் விழுதுன்னா?"

"ஆமா. அப்படியே சொல்லுங்க."

"வாயை மூடு" என்றார். அவர் அவளிடம் அப்படிப் பேசுகிறவர் இல்லை. சொல்லி முடித்ததும் அவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

"நான் மூடிட்டா உங்களுக்குப் பேச ஆளே இல்ல, கல்லுளிமங்கா" என்று சொல்லிவிட்டு ரேடியோ எழுந்து போனாள். கோபம் என்றால் அவ்வளவுதான். அன்று சாயங்காலம் சூளையில் புதிதாக வந்த குதிரைக்கு லாடம் அடிக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல் அவள் தலைப்பக்கம் நின்றாள். குழித் தண்ணீர் பத்தடி தள்ளித்தான் இருந்தது. இரண்டு கையும் குதிரையிடம் இருந்ததால் கழுத்தில் உட்கார்ந்த கொசுவை அவளால் அடிக்க முடியவில்லை. தோளைத் தூக்கித் தூக்கி விரட்டிக்கொண்டே, குதிரையின் காதில் பேச்சை விடாமல் நின்றாள்.

அடுத்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. வெயில் காய்ச்சல் என்று அவளும் மாத்திரை போட்டுக்கொண்டாள். தலை பிளக்கிறது என்றாள். பிறகு ஒரு காலையில் தண்ணீர்ச் செம்பைக் காட்டி, "அந்தச் சுத்தியலை எடுங்க" என்றாள். ஆணி முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திரும்பவும் அதையே கேட்டாள். எழுந்து நடந்தவள் வாசற்படியில் தடுக்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

மச்சான், அதாவது ரேடியோவின் தம்பி, சரக்கு வேன் ஓட்டுகிறவர். அவர்தான் வேனின் பின்பக்கம் பாய் விரித்து அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "அக்கா, ஏதாவது பேசுக்கா, நீ பேசாம வர்றது எனக்குப் பயமா இருக்கு" என்று வழி நெடுகக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவள் உதடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஆணி அந்த உதட்டைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மா நிதானமான மனுஷி. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார். "எதனால வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். மாதிரியை வெளியூருக்கு அனுப்பணும், முடிவு வர நாளாகும். எந்தக் கிருமிக்குன்னு பாக்கச் சொல்றதுன்னு எனக்கு ஒரு துப்பு வேணும்" என்றவர், ஆணியை நேராகப் பார்த்துக் கேட்டார். "நீங்க குதிரைங்களோட வேலை செய்யறீங்க இல்லையா? உங்க பக்கத்துல குதிரை ஏதாவது நோய்ப்பட்டுச்சா? தள்ளாடறது, விழறது, சாகறது?"

ஆணியின் கண் டாக்டரம்மாவின் செருப்பில் இருந்தது. இடது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"இல்லம்மா" என்றார்.

சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பக்கத்தில் மச்சான் நின்றதாலா, சுற்றி நாலு பேர் நின்றதாலா, அல்லது வாய்க்கு அதுவே பழகிப்போய்விட்டதாலா? டாக்டரம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த நிமிஷத்திலிருந்து ஆணிக்கு நின்றால் உட்கார வேண்டும் போலிருந்தது, உட்கார்ந்தால் நடக்க வேண்டும் போலிருந்தது. நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். சட்டைப் பையில் கிடந்த லாட ஆணி ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டே நடந்தார். தரையைக் கழுவுகிற அம்மாள் அவரை இரண்டு முறை ஒதுங்கச் சொன்னாள், மூன்றாவது முறை திட்டினாள்.

"மாமா, ஒரு இடத்துல உக்காருங்களேன். உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார் மச்சான். "வீட்டுக்குப் போய் அக்காவுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்."

வீடு அவள் சத்தம் இல்லாமல் கிடந்தது. அங்கேயும் அவரால் நிற்க முடியவில்லை. துணியை எடுத்து மூட்டை கட்டினார், அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார். கை சும்மா இருக்க மாட்டாமல் பட்டறை மூலையில் கிடந்த ஆணி டப்பாவைத் திறந்து கிளறியது. அடியில் கண்ணாடி இருந்தது. அவர் அதைச் சுற்றி வைத்திருந்தது கிழிந்த அழுக்குத் துணி. இப்போது சுற்றியிருந்தது அவளுடைய பழைய சேலையில் கிழித்த மெத்தென்ற துண்டு. கண்ணாடி பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. ஒரு முறை துடைத்ததல்ல, அடிக்கடி துடைத்த பளபளப்பு. ஊர்க்கதை எல்லாவற்றையும் ஒலிபரப்புகிறவள் இந்த ஒன்றை மட்டும் யாரிடமும், அவரிடம்கூட, சொல்லவில்லை. அவர் சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

திரும்பி வந்தபோது நடைபாதையில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆணியின் கண் வழக்கம்போல் காலுக்குப் போனது. நகக்கண்ணில் செம்மண் ஏறியிருந்தது. சூளை மண். வலது காலைத் தூக்கி வைக்கும்போது பாதம் மடங்கி, விரல் நுனி தரையில் இழுபட்டது. பிறகு உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பவும் நிமிர்ந்தது. அந்த நடையை அவர் பார்த்திருக்கிறார். பால்காரரின் வெள்ளைக் குதிரை அப்படித்தான் பின்னங்காலை இழுத்தது. இம்மியும் பிசகாமல் அதே நடை.

"என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று கேட்டார்.

அவள் நின்று மூச்சு வாங்கினாள். "லாடக்கார அண்ணனா? நான் சூளையில கல்லு சுமக்கிறவ. வெயில் காய்ச்சல்னாங்க, பாதி வேலையில விழுந்துட்டேன், இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க. காய்ச்சல் விட்டுருச்சு. ஆனா கால் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது, அண்ணே."

ஆணி அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இவளுக்கு நானா லாடம் அடித்தேன்? அந்தக் கேள்வி அவரைப் பிடித்து உலுக்கியது. இவளுக்கு எந்த ஆணி சதையில் இறங்கியது? உள்ளே படுத்திருக்கிறாளே, அவளுக்கு நான் எந்தக் குளம்பில் பிழை செய்தேன்? இத்தனை நாளும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோளாறு தலையில் இருக்கிறது என்று ரேடியோ ஒவ்வொரு குதிரையின் முகத்தையும் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

டாக்டரம்மாவின் அறைக்குள் கதவைத் தட்டாமலேயே போனார்.

"காலையில கேட்டீங்களே. நான் பொய் சொன்னேம்மா."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க."

"உக்கார முடியாது. நின்னுக்கிட்டே சொல்லிடறேன்."

வாழ்நாளில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. செம்பட்டைக் குதிரை, புதைத்த குழி, வெள்ளைக் குதிரை, மட்டக்குதிரை, துடித்த உதடு, மதகுத் தண்ணீர், கொசு, எல்லாவற்றையும் கொட்டினார். கண்ணாடியைக்கூட விடவில்லை. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டாக்டரம்மா எழுந்து போனை எடுத்து மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிட்டார்.

அன்று மத்தியானமே மாட்டாஸ்பத்திரி டாக்டரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆணி வீடு வீடாகப் போனார். இதோ இவர் குதிரை, அதோ அவர் குதிரை என்று காட்டிக் கொடுத்தார். பால்காரர் வாய் பிளந்து கேட்டார். "என்னண்ணே, என் குதிரைக்கு மட்டும்னுதான நான் நெனச்சேன்? எத்தனை பேருக்கு இதே கதை?" காய்கறிக்கார அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மட்டக்குதிரை முந்தின நாள் செத்திருந்தது. சூளைக்காரர்தான் எகிறிக் குதித்தார்.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடா. இனிமே என் வாசல்ல காலை வைக்காதே."

"வைக்கல, முதலாளி. அந்தக் குழித் தண்ணியை மட்டும் இறைச்சு விட்டுருங்க. உங்க ஆளுங்க அதுக்குப் பக்கத்துலதான் படுத்துத் தூங்கறாங்க."

மாட்டாஸ்பத்திரி டாக்டர் குதிரைகளுக்கு ரத்தம் எடுத்தார். தலைப்பக்கம் பிடிக்க ஆள் இல்லாமல் ஒவ்வொரு குதிரையும் படுத்தியது. ஆணியே பிடித்துக்கொண்டார். காதைப் பிடித்தார், என்ன சொல்வதென்று தெரியவில்லை. வேலைக்கு நடுவே டாக்டர் விளக்கினார். இந்தக் கிருமி நீர்ப்பறவைகளிடம் இருக்கிறது. கொசு அதை அங்கிருந்து எடுத்துக் குதிரைக்கும் கொடுக்கும், மனுஷருக்கும் கொடுக்கும். குதிரையிடமிருந்து மனுஷருக்கு வராது, மனுஷரிடமிருந்து குதிரைக்கும் போகாது. முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குச் சும்மா காய்ச்சல் மாதிரி வந்து போய்விடும். ஒரு சிலருக்கு மூளைக்கு ஏறிவிடும். "குதிரை விழுந்தா அந்த இடத்துக் கொசுகிட்ட கிருமி இருக்குன்னு அர்த்தம். அதை வெச்சுத்தான் நாங்க கண்டுபிடிக்கணும். ஆனா இத்தனை குதிரை விழுந்தும் எங்கிட்ட ஒருத்தர்கூட வரல."

"எல்லாரும் எங்கிட்டதான் வந்தாங்க" என்றார் ஆணி.

டாக்டர் ரத்தக் குப்பிகளைப் பெட்டிக்குள் அடுக்கினார். ஆணியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மொத குதிரைக்கே நான் உங்ககிட்ட வந்திருந்தா, என் வீட்டுக்காரிக்கு இது வந்திருக்காதா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். அவர் நல்லவர். ஆனால் பெட்டியை மூடும்போது ஆணியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. காலம் முழுக்க அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் இருந்த ஆணிக்கு அதன் அர்த்தம் புரிந்தது.

கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி வந்தது, குழிகளை இறைத்தார்கள், ஒருவழியாக மதகும் அடைபட்டது. நல்லபடியாக இருந்த குதிரைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காய்ச்சல் கண்டவர்களைச் சூளையிலிருந்து உடனுக்குடன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வெளியூரிலிருந்து வந்த முடிவு டாக்டரம்மா சந்தேகப்பட்டதுதான். அந்தக் கிருமிக்கென்று மருந்து கிடையாது, உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டால் அதுவாகவே மீளும், மீளாமலும் போகும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, ஆணியண்ணன் கையில் பிழை இல்லை, அது கொசு என்று. பால்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து, "உங்க பேருக்கு ஒண்ணும் கெடுதல் வரல, அண்ணே" என்று தேற்றினார். ஆணிக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. பேராம் பேர்.

ரேடியோ கண்ணைத் திறந்தாள். பார்த்தாள். ஆனால் பேசவில்லை. மச்சான் வந்து ஊர்க்கதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்டாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. உணவை வாயில் வைத்தால் விழுங்கினாள். தூக்கி நிறுத்தினால் நின்றாள், ஒரு கால் மட்டும் இழுத்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், பேச்சு வர நாளாகும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆணிக்குத் தினமும் ஒரே கேள்விதான். அவளுக்கு என்னை அடையாளம் தெரிகிறதா? அதை யாரிடம் கேட்பது? கேட்டுச் சொல்லக்கூடிய ஒருத்தி அவள்தான்.

வேன் வாசலில் நின்றது. மச்சான் மூட்டையை எடுக்கப் பின்பக்கம் போனார். ஆணி அவளைத் தோளோடு பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். வாசற்படியில் அவள் கால் மடங்கித் தடுக்கியது. அவளை நிலையில் சாய்த்து நிறுத்திவிட்டு அவர் சட்டென்று குனிந்தார். அந்தக் காலில் ஆணி ஏதும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் பாதத்தை மெதுவாகத் தூக்கித் தன் முழங்காலின் மேல் வைத்து, வெடித்த குதிகாலையும் விரல்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முதல்முறையாக எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கண்ணாடிக்குள் கண்ணீர் கட்டியதும் அதுவும் கலங்கிப்போனது.

அப்போது அவள் கை அவர் தலையைத் தேடி வந்தது. காதைப் பிடித்தது. பலம் இல்லாத பிடிதான், ஆனால் பழகிய பிடி. அவள் மெல்லச் சாய்ந்து அந்தக் காதுக்குள் வாயை வைத்தாள். குரல் கரகரத்தது, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"பயப்படாத. அவர் கை... நல்ல கை."

குதிரைகளுக்கு அவள் சொன்னது அதுதான். இத்தனை வருஷமும் ஒவ்வொரு குதிரையின் காதிலும் அவரைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்த புகார் இதுதான். இப்போது கேலி செய்கிறாளா, அல்லது உண்மையிலேயே அவரை ஒரு குதிரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கப் பயமாக இருந்தது. காதை அவள் விடவில்லை. ஆணி அவள் பாதத்தைப் பிடித்தபடியே அசையாமல் நின்றார்.